ஜம்யான் குடித்த ஒன்பது கிண்ணம்

கோடை முழுக்க யாரும் வாய் வைக்காமல் விட்டுவைத்த குளிர்காலப் புல்லுக்கு எங்கள் கோபிப் பாலைவனத்தில் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். கேட்பதே பாவம். நான் சந்தைக்காரி வயிற்றில் பிறந்தவன். விலை சொல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் கறி இறங்காது. அதனால் சொல்லிவிடுகிறேன். ஜம்யானின் மலைச்சரிவுப் புல்லுக்கு விலை இருநூற்றுப் பதினாறு வெள்ளாடு. அவனிடம் இருந்ததே அவ்வளவுதான். பனி விழுந்து சமவெளி மூடிக்கொண்டால், அடுத்த வசந்தம் வரை அந்த ஆடுகளுக்கு அந்தச் சரிவை விட்டால் வேறு கதியில்லை. புல் போனால் ஆடு போச்சு. ஆடு போனால் ஜம்யான் டவுனுக்குப் போய் யார் வீட்டு வாசலிலாவது காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

அந்தப் புல்லில் ஆகஸ்டு மாதக் கடைசியில் யாரோ ஆட்டை விட்டு மேய்த்துவிட்டார்கள்.

எனக்கு அது தெரியாது. மாவு, சர்க்கரை, பேட்டரி, கட்டித் தேயிலை எல்லாம் ஏற்றிக்கொண்டு என் பழைய ருஷ்ய வேனில் போய் இறங்கினேன். "நாயைப் பிடிங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் ஜம்யானே கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். ஒரு கையில் போன தடவை நான் விற்ற தேயிலைக் கட்டி, ஒரு மூலை மட்டும் உடைத்தது. இன்னொரு கை இறுக மூடியிருந்தது.

"ஏன்டா ஒச்சிர், இந்தத் தேயிலைல என்னத்தடா கலந்த? பத்து நாளா வாயெல்லாம் கசப்பு. கஷாயம் குடிக்கிற மாதிரி இருக்கு."

"அண்ணே, ஒரே பெட்டில இருந்துதான் இந்தக் கிணத்தடி நாலு வீட்டுக்கும் குடுத்தேன். வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"அவனுங்களுக்கெல்லாம் நாக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான?"

வாடிக்கைக்காரன் சந்தேகப்பட்டால் சரக்கை மாற்றிக் கொடு, வாதம் பண்ணாதே என்பது சந்தைப் பாடம். வேறு கட்டி எடுத்துக் கொடுத்தேன். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மனைவி யஞ்மாவிடம் கொடுத்தான். பிறகு மூடியிருந்த கையைத் திறந்தான். நாலு ஆட்டுப் புழுக்கை.

"உடைச்சு மோந்து பாரு."

உடைத்தேன். அந்த வருஷம் ஜூலையில் நல்ல மழை. சமவெளி முழுக்கக் காட்டு வெங்காயம் முளைத்து, ஆடுகளெல்லாம் அதைத் தின்றே முதுகெலும்பு தெரியாமல் கொழுத்துக்கொண்டிருந்தன. மூச்சு, பால், புழுக்கை மூன்றும் வெங்காயம் மணக்க வேண்டிய காலம். இந்தப் புழுக்கையில் மணத்ததோ அகி. அகி என்பது மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, பூக்கடைக்கு லாயக்கில்லாதவன். மலைச்சரிவில்தான் வளரும். உறைபனி விழுந்து கசப்பு இறங்கிய பிறகு ஆட்டுக்கு அது விருந்து. அதற்கு முன்னால் தின்ற ஆட்டின் பாலை வாயில் வைக்க முடியாது.

"எங்க எடுத்தீங்க?"

"மலைச்சரிவுல, என் குளிர்காலப் பட்டில. முட்டி உசரம் நின்ன புல்லு, சிரைச்ச தலையாட்டம் கெடக்கு. மூணுல ஒரு பங்கு போச்சுடா."

"குளம்படி?"

"காத்து தொடைச்சிட்டுப் போயிருச்சு." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு மாசமா அந்த முகட்டுல பைனாகுலரோட உக்காந்திருக்கேன். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும். அந்தக் கெழக்கத்திக் குடும்பம் நம்ம கிணத்துக்கு வந்து எறங்குன அன்னிக்கே நெனச்சேன், இதுங்க சும்மா இருக்காதுன்னு. மூணு வீட்டு ஆட்டையும் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணு கூட மலைப்பக்கம் திரும்பல. அப்ப ராத்திரிலதான ஓட்டியிருக்கணும்?"

"அது சரி, நீங்க முகட்டுல உக்காந்திருந்தப்ப உங்க ஆட்ட யாரு பாத்தா?"

"ஆட்டுக்கென்ன, அது பாட்டுக்கு மேயுது. பெரிய கிடா இருக்கான்ல? மந்தைய முன்ன நின்னு கூட்டிட்டுப் போயி, சாயங்காலம் கொண்டாந்து சேத்துருவான். உன்ன விட அவனுக்கு மூளை அதிகம்."

அந்தக் கிடாவுக்குக் காயடித்து ஒன்பது வருஷம். இடுப்பளவு தாடியும் அலுவலகத் தலைவர் நடையுமாக இருக்கும்.

யஞ்மா கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "எதையோ புடிக்கப் போறியாமே, போ. ஆனா அந்த முகட்ட விட்டு எறங்கி ஒருநாளாவது நம்ம ஆட்ட உவர்மண்ணு நக்க ஓட்டிட்டுப் போ. ஜூலைல இருந்து சொல்லிட்டு இருக்கேன். புழுக்கையெல்லாம் இளகிப் போடுது."

"மொதல்ல திருடன், அப்பறம் உவர்மண்ணு," என்றான் ஜம்யான்.

திருடனை நேராகக் கேட்க முடியாது. நாலு வீட்டுக்கும் ஒரே கிணறு. அந்தச் சொல் ஒருமுறை வாயிலிருந்து விழுந்துவிட்டால், மறுநாள் யார் முதலில் வாளி இறக்குவது என்பதற்குக் கத்தி வந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் வாசல் மிதித்தவனுக்கு டீ கொடுக்காத வீடு கிடையாது. பால் விடாத டீயும் கிடையாது. ஜம்யானின் திட்டம் அவ்வளவுதான். மூன்று வீட்டிலும் டீ குடிப்பது. எந்த வீட்டுப் பால் கசக்கிறதோ அந்த வீட்டு ஆடுதான் அவன் சரிவில் மேய்ந்தது.

"ஒன்கூட வந்தா யாருக்கும் சந்தேகம் வராது," என்றான். "வியாபாரி நாலு வீடு ஏறுவான், நான் சும்மா தொணைக்கு வந்தேன்."

சந்தேகம் வராமல் இருக்கச் சந்தேகமே உருவான ஒருவனை ஏற்றிக்கொண்டு போனேன்.

முதலில் கிழக்கத்திக் குடும்பம். கணவன் ஆட்டோடு போயிருந்தான். மனைவி செவ்ஜித் வாய் நிறையச் சிரிப்போடு அடுப்பில் சட்டியை ஏற்றினாள்.

"வாங்கண்ணே, வாங்க. கோடை நல்லாப் போச்சா? ஆடெல்லாம் கொழுத்திருக்கா?"

"ம்," என்றான் ஜம்யான், எதையும் ஒப்புக்கொள்ளாத குரலில்.

"எங்க பக்கம் மூணு வருஷமா மழையே இல்லண்ணே. இங்க வந்தப்பறம்தான் எங்க ஆடு வெங்காயத்தக் கண்ணால பாத்துச்சு. இப்ப ஒவ்வொண்ணும் எழுந்திரிக்கவே யோசிக்குது."

டீ வந்தது. ஜம்யான் ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஓடவிட்டு, கண்ணை மூடி மூக்கால் மூச்சு விட்டான். முகம் வாடியது. "வெங்காயம்," என்று என் காதில் முனகினான், ஏதோ அவள் ஏமாற்றிவிட்டது போல.

இரண்டாவது கிண்ணம் கேட்டான். மூன்றாவதும். "இது காலைல கறந்ததா, நேத்து கறந்ததா?"

"காலைலண்ணே."

"நேத்து கறந்தது இருந்தா அதுல ஒரு கிண்ணம்."

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாலப் பத்தி இம்புட்டு விசாரிக்கிறீங்க? எந்த ஆட்டக் கட்டிக்கப் போறீங்க, சொல்லுங்க, பேசி முடிச்சிருவோம்," என்று நாலாவதை ஊற்றினாள். ஊற்றியபடியே குரல் இறங்கியது. "எங்களுக்குக் குளிருக்கு ஒதுங்க ஒரு எடம் இன்னும் அமையலண்ணே. உங்க சரிவுல ஒரு மூலை... தொண்ணூறு ஆடுதான். கேட்டுப் பாப்போம்னு வீட்டுக்காரரு சொன்னாரு."

ஜம்யான் கிண்ணத்தைக் கீழே வைத்தான். வெளியே வந்ததும் என் முழங்கையைக் கிள்ளினான். "பாத்தியா? ஆட்டு வாயால எடுத்துட்டு இப்ப மனுச வாயால கேக்குறா!"

"அண்ணே, பால் வெங்காயம்தான மணக்குது?"

"அடுத்த வீட்டுப் பாலா இருக்கும்."

"இன்னொண்ணு கவனிச்சீங்களா? இங்க டீ கசக்கவே இல்ல. தேயிலை அதே பெட்டிதான். அப்ப உங்க வீட்டுல மட்டும்..."

"அவளுக்கு நல்லதக் குடுத்த, எனக்குக் கலப்படத்தக் குடுத்த. உன்னப் பத்தியும் தெரியும்டா. வண்டிய எடு."

எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது. கசந்தது தேயிலை இல்லை என்றால் சட்டிக்குள் மிச்சம் இருப்பது தண்ணீரும் உப்பும் பாலும்தான். தண்ணீர் எல்லோருக்கும் ஒரே கிணறு. ஆனால் கலப்படக்காரன் என்ற பட்டம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. கேட்காத சரக்கை நான் விற்பதில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்துக்கும் ஒரு விலை இருந்தது. அடுத்த வீட்டிலேயே தெரிந்தது.

கோம்போவும் ஜம்யானும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூட விடுதியில் அடிவாங்கினவர்கள். இரண்டு பேரும் மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றிக்கொண்டு, முகர்ந்து, திருப்பிக் கொடுத்து, ஆடு கொழுத்ததா என்று கேட்டு முடித்தார்கள். டீ வந்தது. கன்னங்கரேல் என்று.

"பால் எங்கய்யா?" என்றான் ஜம்யான்.

"பால் கறக்குற கை டவுனுக்குப் போயிருக்கு. மகளுக்குப் பேறுகாலம். நானாவது கறக்குறதாவது? குட்டிங்களே குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆகஸ்டில் பாலில்லாத வீடு என்பது நாயில்லாத கூடாரம். ஜம்யான் என்னைப் பார்த்த பார்வையில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஒரே மடக்கில் கறுப்பு டீயைக் குடித்துவிட்டு, "வண்டிச் சக்கரத்தப் பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்து போனான்.

சக்கரத்துக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? கோம்போவும் அதையே யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு அலறியது. நாங்கள் வெளியே ஓடினோம்.

வேனின் மறைவில் ஜம்யான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வெள்ளைப் பெட்டையின் பின்னங்காலைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, மடியைப் பீச்சி, உள்ளங்கையில் பாலை ஏந்தி நக்கிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி!" கோம்போ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொம்பளைங்க வேலைக்கு எப்பய்யா சேந்த? சம்பளம் எவ்வளவு தர்றாங்க?"

ஜம்யான் சிரிக்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, முகர்ந்து, மறுபடி நக்கினான். கோம்போவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் முட்டாள் இல்லை. ஆட்டுப் பாலை ஒருவன் எதற்கு இப்படி ருசி பார்ப்பான் என்று கோபியில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அகியத் தேடுறியா?"

"இல்லய்யா, சும்மா..."

"உன் பட்டில எவனோ மேச்சுட்டான். அது நானா இருக்குமோன்னு என் ஆட்டு மடியில கை வச்சுப் பாக்குற." குரல் உயரவே இல்லை. "என்ன இருக்கு பால்ல? சொல்லு."

"உவர்," என்றான் ஜம்யான் தரையைப் பார்த்து.

"முந்தாநாள்தான் உவர்மண்ணுக்கு ஓட்டிட்டுப் போனேன். வேற என்ன இருக்கும்?"

ஜம்யான் அவசரமாக மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். கோம்போ வாங்கினான். மூடியைத் திறக்கவில்லை, முகரவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டான். அந்த அவமதிப்புக்குப் பதில் ஓர் அறை வாங்கியிருக்கலாம். அறை வலி மறுநாள் போய்விடும்.

வேனில் ஏறினோம். முதல் வீட்டிலேயே நான் தொண்டையைத் திறந்திருந்தால் இந்தக் குப்பி திறந்திருக்கும்.

"நடிப்பாவும் இருக்கலாம்," என்றான் ஜம்யான்.

"எதுண்ணே?"

"அந்தக் கோபம்."

மூன்றாவது வீடு தோல்கோர் அக்காவுடையது. கணவன் இருந்த காலத்தில் நூற்றுத் தொண்ணூறு ஆடு. இப்போது அறுபதுதான், ஆனால் சரிவு அதே பெரிய சரிவு. நாங்கள் உள்ளே நுழையும் முன்பே அவள் கிண்ணத்தைத் துடைத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பைனாகுலர்.

"கோம்போ வீட்ல உங்க வேன் நின்னத இங்கிருந்து பாத்துட்டேன். வண்டிக்குப் பின்னால ஒருத்தன் ஆட்டுக் காலுக்கு நடுவுல உக்காந்திருந்தான். கறி போடுறான்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல பாத்தா ஆடு எழுந்து போகுது, ஆளுதான் செத்த மாதிரி நிக்கிறான்."

ஜம்யான் டீயைக் குடித்தான். வெங்காயம். இன்னொன்று கேட்டான். அதுவும் வெங்காயம். மூன்றாவதை அவளே ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ தாகத்துக்கு வரல. நாக்க வச்சுக்கிட்டு விசாரணைக்கு வந்திருக்க. சரி, விசாரிக்கிறவன் ஒழுங்கா விசாரிக்கணும். உறைபனிக்கு முந்தி அகியத் தின்ன எந்த ஆட்டுக்குய்யா பைத்தியம்? கீழ இவ்வளவு வெங்காயம் கெடக்கும்போது மலையேறிப் போயி கசப்பத் திங்குதுன்னா, அது எதுக்கு?"

"எவனோ ஓட்டிட்டுப் போயிருக்கான்."

"ஒருத்தனும் ஓட்டல. வெங்காயம் மட்டுமே தின்னுக்கிட்டிருந்தா வயிறு இளகிரும். அதனாலதான் நாங்கெல்லாம் மூணு நாளைக்கு ஒரு தரம் உவர்மண்ணுக்கு நடத்திட்டுப் போறோம். நக்குனா வயிறு கட்டும். கூட்டிட்டுப் போக ஆளில்லாத ஆடுதான் வைத்தியத்தத் தானா தேடிப் போகும். காஞ்ச புல்லையும் கசப்பையும் தேடும்." டீச்சட்டியின் மூடியை மூடினாள். "இந்தக் கிணத்தடில உவர்மண் பக்கமே வராத ஆடு யாரோடது? மூணு வீட்டுப் பாலையும் குடிச்ச. நாலாவது வீட்டுப் பாலக் குடிச்சியா?"

"நாலாவது வீடா? நாலாவது வீடு எது..." என்று ஆரம்பித்த ஜம்யான் அங்கேயே நிறுத்திக்கொண்டான். விடைபெறாமல் எழுந்தான். எழுந்தவன் வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தான். அப்போதும் அந்தப் பார்வையில் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது: இவளும் நானும் பேசி வைத்துக்கொண்டோமோ என்று.

அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யஞ்மா புதுத் தேயிலையில் டீ போட்டு வைத்திருந்தாள். ஜம்யான் உட்காராமலே ஒரு வாய் குடித்தான். நானும் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற கசப்பு.

"தேயிலைய மாத்தியும் அதே கசப்புதான்," என்றாள் யஞ்மா. "பால்ல ஏதோ இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன். நீதான் வியாபாரி மேல பழியப் போட்ட."

ஜம்யான் வெளியே போனான். மந்தை வந்துகொண்டிருந்தது. வழக்கம் போல முன்னால் பெரிய கிடா, அலுவலகத் தலைவர் நடையோடு. முகட்டில் உட்கார்ந்து மூன்று வீட்டுச் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் முதுகுக்குப் பின்னால், மலையைச் சுற்றிக்கொண்டு போகும் ஓடைத்தடத்தில், ரெண்டு வாரமாகத் தினமும் தன் சொந்தப் பட்டிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற நடை. ஜம்யான் அதன் தாடியைப் பிடித்தான். தாடி நிறைய அகிப் பூ, சாம்பல் மஞ்சளாக.

ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். கிடா பொறுமையாக நின்றது.

"புடிச்சிட்டியா திருடன?" என்று யஞ்மா உள்ளிருந்து கேட்டாள்.

"புடிச்சிட்டேன்."

"யாரு?"

"தாடி கையிலதான் இருக்கு."

யஞ்மா வெளியே வந்து, கையில் ஒரு குச்சியோடு தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மேய்ந்த புல் இனி முளைக்காது. அடுத்த மழை அடுத்த வருஷம்தான். மீதியிருக்கும் சரிவு நூற்று நாற்பது ஆட்டுக்குத் தாங்கும், அதுவும் பனி அளவாக விழுந்தால். எழுபத்தாறு ஆடு வெளியே நிற்கும். வெளியே நிற்பது என்றால் சாவது.

மறுநாள் காலையில் ஜம்யான் முதல் வேலையாக மந்தையை உவர்மண்ணுக்கு நடத்திக்கொண்டு போனான். மதியம் தோல்கோர் அக்காவின் வாசலில் போய் நின்றான். அவள் உள்ளே கூப்பிடவில்லை. அவனை நிற்கவைத்தே பேசினாள்.

"நாப்பது ஆட்டுக்கு எடம் தர்றேன். அதுக்கு மேல முடியாது. அந்தக் கெழக்கத்திப் பொண்ணோட தொண்ணூறையும் நான்தான் ஏத்துக்கப் போறேன். நேத்து உங்கிட்ட கேட்டாளாமே, நீ கிண்ணத்தக் கீழ வச்சுட்டு வந்துட்டியாமே."

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"எங்கிட்ட எதுக்கு? குடிச்ச வீட்ல போயி சொல்லு. டீ எதுக்குக் குடிச்சன்னு ஒவ்வொரு வீட்லயும் நின்னு, உன் வாயாலயே சொல்லணும். அப்பறம்தான் நாப்பது."

செவ்ஜித் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாளாம். "போங்கண்ணே, நாலு கிண்ணமும் உங்களுக்குத் தண்டனதான்," என்று அஞ்சாவதையும் ஊற்றினாளாம். கோம்போ கூடாரத்துக்குள்ளேயே இருந்தான். ஜம்யான் வாசலுக்கு வெளியே நின்று, நாய் குரைக்கக் குரைக்க, முழுக் கதையையும் கூடாரத் துணியிடம் சொன்னான். கடைசியில் குப்பியை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தான்.

நான் ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். பதினெட்டு ஆட்டை வாங்கிக்கொண்டேன். கொழுத்த ஆடுதான். ஆனால் நான் பேரம் பேசாமல் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதல் வீட்டில் விழுங்கிய வார்த்தைக்கு அது கட்டணம். ஜம்யானும் விலை கூட்டிக் கேட்கவில்லை. காசை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கள்ளநோட்டா என்று பார்த்தான்.

அன்று யஞ்மா மறுபடி குச்சியால் தரையில் எழுதினாள். மந்தை இருநூற்றுப் பதினாறு. சொந்தச் சரிவுக்கு நூற்று நாற்பது. தோல்கோர் அக்காவிடம் நாற்பது. பல் தேய்ந்தவை பன்னிரண்டு, குளிர்காலக் கறிக்கு. கிடா அதில் இல்லை, ஜம்யான் கேட்கவே விடவில்லை. வியாபாரி ஒச்சிரிடம் பதினெட்டு. கூட்டினால் இருநூற்றுப் பத்து.

டீக் கணக்கு தனி. விசாரணையில் குடித்தது ஒன்பது: செவ்ஜித் வீட்டில் நாலு, கோம்போ வீட்டில் ஒன்று, தோல்கோர் வீட்டில் மூன்று, சொந்த வீட்டில் ஒன்று. ஏன் குடித்தான் என்று சொன்னது எல்லா வீட்டிலும். மன்னித்தது இரண்டு வீட்டில்.

மீதி ஆறு ஆட்டுக்கு இடம் கோம்போவின் சரிவில்தான் இருக்கிறது. குப்பி இன்னும் அவன் வாசல்படியிலிருந்து திரும்பவில்லை. ஆறு ஆடும், கோம்போ வீட்டில் பால் விட்ட டீ ஒரு கிண்ணமும் பாக்கி.